பி டீம் நிபுணன்

ஒரு வாலிபால் ஆட்டக்காரர் தேறுவாரா மாட்டாரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் திறமை எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தது. இருந்தது என்று நான் நம்பினேன். எனக்கு வாலிபால் ஆடத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சர்வீஸ் போட்டால் பந்து வலையைத் தாண்டாது. சில சமயம் வலை இருக்கும் திசையிலேயே போகாது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் என்னைப் பந்து பொறுக்கும் வேலையில் போட்டார். அதிலும் நான் சுமார்தான். ஆனால் ஆடத் தெரியாதவனுக்குத்தான் அடுத்தவன் ஆட்டத்தில் உள்ள குறையெல்லாம் துல்லியமாகத் தெரியும். அந்த விதத்தில் ஓசூர் தொழிற்பேட்டையில் எனக்கு நிகரான நிபுணர் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் அப்பா.

அப்பா வண்டிகளுக்குக் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே ஓசூருக்கு வந்துவிட்டவர். கோபம் வந்தால் என்னை ‘ஏலே’ என்பார். கோபம் இல்லாவிட்டால், கம்பெனியில் கன்னடக்காரர்களோடு பழகிய பழக்கத்தில், ‘குரு’ என்பார். வீட்டில் என் நிலைமை என்ன என்பதை அந்த ஒரு வார்த்தையை வைத்தே தெரிந்துகொள்வேன்.

அந்தக் கம்பெனிக்கு இரண்டு வாலிபால் அணிகள். ஏ டீமில் எல்லோரும் பர்மனென்ட். கம்பெனி பெயர் போட்ட நீலப் பனியன், ஆட்டம் இருக்கும் நாளில் ஷிப்டிலிருந்து பாதியில் கிளம்பும் உரிமை, கேன்டீனில் தனியாக முட்டை. பி டீமில் எல்லோரும் ட்ரெய்னி. ஆட்டம் தெரிந்த பையன்களாகப் பார்த்து எடுப்பார்கள். பகலில் மெஷின், சாயங்காலம் கோர்ட். ஏ டீமில் யாருக்காவது முட்டி போய்விட்டாலோ, தொப்பை விழுந்து குதிக்க முடியாமல் போனாலோ, பி டீமிலிருந்து ஒருவரை மேலே ஏற்றுவார்கள். ஏறியவர் அன்றிலிருந்து பர்மனென்ட். ட்ரெய்னி காலம் முடிவதற்குள் ஏறாதவர் பையைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

கம்பெனியில் எல்லோரும் ஏ டீம் ஆட்டத்துக்குக் கைதட்டப் போவார்கள். அப்பா போகமாட்டார். “ஏ டீம எவன் வேணா பாக்கலாம் குரு. மாம்பழம் கடைக்கு வந்தப்புறம் இது நல்ல பழம்னு சொல்றதுக்கு ஆள் எதுக்கு? பூ விடுறப்பவே சொல்லணும்” என்பார். அப்போதைய ஏ டீம் கேப்டனை, அவர் நோஞ்சானாக ட்ரெய்னியில் சேர்ந்த காலத்திலேயே ‘இவன் வருவான்’ என்று அப்பா சொல்லியிருந்தாராம். இதை அவர் டீக்கடையில் சொல்லாத நாள் கிடையாது. கேப்டனே ஒருநாள், “அண்ணே, நானும் கொஞ்சம் கஷ்டப்பட்டேண்ணே” என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆக, நாங்கள் பி டீமின் ரசிகர்கள். ரசிகர்கள் என்றால் அப்பாவும் நானும்தான். கோர்ட்டை ஒட்டி, எப்போதோ சாக்கடை வேலைக்குக் கொண்டுவந்து போட்டு மறந்துபோன பெரிய சிமென்ட் குழாய்கள் கிடக்கும். அவைதான் எங்கள் கேலரி. ஒவ்வொருவரையும் தேறும், தேறாது, பார்க்கலாம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். நாகரசம்பட்டிக்காரர் ஒருவர், சர்வீஸ் பிரமாதம், ஆனால் மாங்காய் பறிக்கும் காலத்தில் தோப்புக்குப் போய்விட்டால் திரும்பி வரும்போது கை அவருடையதாக இருக்காது. பார்க்கலாம்.

கோவில்பட்டிக்காரர் ஒருவர், ஸ்மாஷர். லைட் கம்பம் மாதிரி உயரம். அவர் எகிறி அடித்தால் பந்து எதிர்ப்பக்கம் விழுந்து எழும்பும் சத்தம் எங்கள் குழாய்க்குள் புகுந்து ‘டொம்’ என்று கேட்கும். தேறும். அதிலும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். அப்பாவுக்கு அவர்மேல் உயிர்.

உத்தனப்பள்ளிக்காரர் ஒருவர், லிஃப்டர். வலையோரம் நின்று, ஸ்மாஷர் அடிப்பதற்கு வாகாகப் பந்தை விரல் நுனியால் தூக்கிக் கொடுப்பவருக்கு அந்தப் பெயர். குள்ளம், ஒல்லி. வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் வீட்டில் தக்காளி விவசாயம். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வரும்போதெல்லாம் ஒரு பை தக்காளியைக் கொண்டுவந்து, “தம்பி, வீட்டுல குடுத்துருப்பா. தோட்டத்துல காச்சது” என்று என்னிடம் நீட்டுவார். எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. நிபுணருக்கு லஞ்சம். தக்காளியை வாங்கிக்கொண்டேன், ஆனால் மதிப்பீட்டில் அது குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டேன். உயரம் பத்தாது. தேறாது.

அந்த வருஷம்தான் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, எங்களோடு வந்து தங்கினாள். டிப்ளமா முடித்துவிட்டு, எலக்ட்ரானிக் போர்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் சாயங்காலம் முழுக்கச் சும்மா இருப்பாள். முதலில் எங்களைக் கேலி செய்தாள். “அத்தானும் பிள்ளையும் சாக்கடக் குழாய்ல உக்காந்து சர்வதேச மேட்ச் பாக்குறாக” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு காற்று வாங்க என்று ஒருநாள் வந்தாள். அப்புறம் காற்று தினமும் தேவைப்பட்டது.

எனக்கு ஒரு மாணவி கிடைத்ததில் பெரிய சந்தோஷம். என்னிடம் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முன்வந்தது அதுவரை கிடையாது. முதல் பாடமாக, “சித்தி, ஆட்டம் தெரியாதவங்கதான் பந்தப் பாப்பாங்க. நாம ஸ்மாஷரப் பாக்கணும். எந்தக் கால்ல எழும்புறாரு, எந்தக் கால்ல எறங்குறாரு, அதான் முக்கியம்” என்றேன்.

“அப்ப பந்தத் தூக்கிக் குடுக்குறவரப் பாக்க வேணாமா?” என்றாள்.

“வேஸ்ட்டு சித்தி. அவரு கையிலதான் பந்து நிக்கவே நிக்காதே. என்னத்தப் பாப்ப?”

சித்தி தலையாட்டினாள். ஆனால் பாடம் ஏறவில்லை. ஸ்மாஷர் வானத்தில் இருக்கும்போது, ஊரே அவரைப் பார்க்கும்போது, இவள் பார்வை கீழே வலையோரம் நிற்கும். தாடையைப் பிடித்துத் திருப்பிக்கூட விட்டிருக்கிறேன். திருப்பிவிட்ட சில நொடிகளில், காற்றாடியின் வால் மாதிரி, பழைய இடத்துக்கே வந்துவிடும். மந்தபுத்தி என்று விட்டுவிட்டேன். சொந்தச் சித்தி ஆயிற்றே.

அப்பாவின் விசாரணைகள் எல்லாம் வேறு தினுசாக இருந்தன. கோர்ட் பக்கத்தில் பையன்களோடு பையனாக நான் சுற்றுவதால், கோவில்பட்டிக்காரரைப் பற்றி என்னிடம் கேட்பார். தோற்றுப்போனால் கோபப்படுகிறானா? பீடி சிகரெட் உண்டா? சம்பள நாளன்று யாரோடு போகிறான்? செல்போனில் ரொம்ப நேரம் யாரோடாவது பேசுகிறானா? நான் விசாரித்துச் சொல்வேன். சிகரெட் பிடித்தால் எகிற முடியாது, சரி. கோபப்பட்டால் சர்வீஸ் வெளியே போகும், அதுவும் சரி. செல்போன் பேசுவதற்கும் ஸ்மாஷுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் பிடிபடவில்லை. என்னைவிட மூத்த நிபுணர், அவருக்கு ஏதாவது கணக்கு இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பி டீம் ஆட்டங்கள் பெரும்பாலும் கிராமங்களில் நடக்கும். திருவிழாவை ஒட்டி அங்கங்கே டோர்னமென்ட் வைப்பார்கள். கம்பெனியின் பழைய ஷிப்ட் பஸ் ஒன்றைக் கொடுப்பார்கள். வேண்டியவர்கள் குடும்பத்தோடு ஏறிக்கொள்ளலாம். அந்த வருஷம் பாரூரில் டோர்னமென்ட். ஏ டீமில் ஒருவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஓர் இடம் காலி. பர்சனல் ஆபீசரே பாரூருக்கு வந்து ஆட்டத்தைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போவதாகப் பேச்சு. ஓர் இடம்தான். வருஷக் கடைசியில் பி டீமில் முக்கால்வாசிப் பேருக்கு ட்ரெய்னி காலம் முடிகிறது.

முந்தின நாள் வீட்டில் அப்பா நிலைகொள்ளாமல் நடந்தார். “நாளைக்கு மட்டும் நல்லா அடிச்சிட்டான்னா பர்மனென்ட் ஆர்டர் வந்துரும். வந்த வாரமே வரச் சொல்லிருவோம்” என்றார்.

“ஜாதகம்தான் பொருந்திருச்சே” என்றாள் அம்மா.

எனக்குப் புல்லரித்தது. ஓர் ஆட்டக்காரரின் ஜாதகத்தை வாங்கி, ஏ டீமோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் அளவுக்கு ஒரு ரசிகர் உண்டா? நான் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது என்று தோன்றியது. சித்தி, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

பாரூர் ஏரிக்கரையை ஒட்டிய மைதானம். ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் கரும்பு. நாங்கள் ஒரு டிராக்டர் டிப்பரில் ஏறி நின்றுகொண்டோம். பர்சனல் ஆபீசர் கறுப்புக் கண்ணாடியோடு, விழாக்குழு போட்ட ஒற்றைச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாததால் பி டீமில் எல்லோரும் எல்லா நேரமும் குதித்துக்கொண்டே இருந்தார்கள். லிஃப்டர் மட்டும் எப்போதும்போல ஆடினார்.

பைனலில் உள்ளூர் அணி ஒரு செட்டை எடுக்க, நாங்கள் ஒன்றை எடுக்க, கடைசி செட் இழுபறி. இங்கே லிஃப்டரிடம் இருந்த ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். பந்தைத் தூக்கிக் கொடுப்பதுபோலக் கையைக் கொண்டுபோய், தூக்கிக் கொடுக்காமல், தானே வலைக்கு மேலே மெதுவாகத் தள்ளிவிடுவார். எதிராளிகள் எல்லோரும் ஸ்மாஷரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள். பந்து அவர்கள் காலடியில் பூ மாதிரி விழும். அதைச் செய்தால் கைதட்டல் முழுக்க அவருக்குத்தான். அன்றைக்கு அவர் அதை ஒருமுறைகூடச் செய்யவில்லை. எந்த மூலையிலிருந்து வந்த பந்தானாலும் கோவில்பட்டிக்காரருக்கே போனது. அதுவும் அவர் கைக்குத் தைத்துக் கொடுத்த சட்டை மாதிரிப் போனது.

கடைசிப் பந்து. எதிர்ப்பக்கம் வலையோரம் முழுக்கக் காலி. லிஃப்டர் சும்மா ஒரு விரலால் தட்டினால் போதும். டிப்பரில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர்கூட, “தள்ளுப்பா, தள்ளிடுப்பா” என்று கத்தினார். சித்தி என் தோளைப் பிடித்திருந்தாள். பிடி இறுகி எனக்கு வலித்தது. லிஃப்டர் தள்ளவில்லை. முதுகுப் பக்கமாகப் பந்தைத் தூக்கிவிட்டார். பின்னாலிருந்து ஓடிவந்த கோவில்பட்டிக்காரர் எகிறி விட்ட அடியில் பந்து கோட்டுக்குள் விழுந்து கரும்புக்குள் போய்விட்டது. ஆபீசர் எழுந்து நின்று கைதட்டினார். “யாருப்பா அந்தப் பையன்?” என்று விரலை நீட்டிக் கேட்டார். அப்பா டிப்பரிலிருந்து கீழே குதித்து, வேட்டி கிழிந்ததுகூடத் தெரியாமல் ஓடினார்.

பஸ் பக்கத்தில் லிஃப்டர் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். சித்தி நேராக அவரிடம் போனாள். நானும் போனேன்.

“கடைசிப் பந்த நீங்களே தள்ளியிருக்கலாம்ல?”

“தள்ளியிருக்கலாங்க.”

“அப்புறம் ஏன் தள்ளல?”

“அவரு நல்ல எடத்துல இருந்தாருங்க. நல்ல எடத்துல இருக்கற ஆளுக்குத்தானுங்களே குடுக்கணும்.”

“ஆபீசர் வந்திருந்தாருல்ல? அவரு யாரு, எதுக்கு வந்தாருன்னு தெரியும்ல?”

“தெரியுங்க.”

“அவருக்கு ஆர்டர் வந்தா எங்க வீட்ல என்ன ஆகும்னும் தெரியும்ல?”

அவர் தோளில் கிடந்த துண்டால் ஏற்கெனவே துடைத்த முகத்தைத் துடைத்தார்.

“உங்களுக்குன்னு ஒண்ணுமே வேணாமா?” சித்தியின் குரல் ஒரு மாதிரி ஏறி இறங்கியது.

“வேணுங்க” என்றார் அவர். “அதுக்காக ஆட்டத்துல ஏமாத்த முடியுங்களா?”

என் மாணவி ஆட்ட நுணுக்கத்தைப் பற்றி ஒரு லிஃப்டரிடமே வாதாடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. “சித்தி, டெக்னிக்கலா அண்ணன் செஞ்சதுதான் கரெக்ட்டு. பிளாக்குக்கு ஆளே வரல பாரு” என்று விளக்க ஆரம்பித்தேன்.

“நீ வாய மூடுறியா?” என்றாள் சித்தி.

“தம்பி, போய் சோடா வாங்கிட்டு வாப்பா” என்று அவர் சில்லறை கொடுத்தார்.

திருவிழாக் கூட்டத்தில் முட்டி மோதி, இரண்டு சோடாக்களோடு நான் திரும்பி வந்தபோது, இருவரும் நான் விட்டுப்போன இடத்திலேயே, விட்டுப்போன மாதிரியே நின்றிருந்தார்கள். இவ்வளவு நேரம் இருந்தும் வாதத்தை முடிக்கவில்லை. சோடா வேண்டாம் என்றாள் சித்தி. அண்ணனும் வேண்டாம் என்றார். இரண்டையும் நானே குடித்தேன். பஸ்ஸில் ஓசூர் வரைக்கும் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தேன். வழக்கமாகத் தலையில் குட்டும் சித்தி அன்றைக்கு ஜன்னலைப் பார்த்தபடி இருந்துவிட்டாள்.

கோவில்பட்டிக்காரருக்கு ஆர்டர் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அம்மாவோடும் பெரியப்பாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்திருந்தாள். சித்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவின் பீடி, கோபம், செல்போன், ஜாதகம் எல்லாம் எனக்கு ஒன்றாகச் சேர்ந்து விளங்கின. ஆகா என்று இருந்தது. ஏ டீம் ஸ்மாஷர் எனக்குச் சித்தப்பா! பள்ளிக்கூடத்தில் இதை யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தேன். எல்லாமே புரிந்துவிட்ட மனிதனின் நிதானத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அண்ணா, ஏன் எப்பவும் எடது கால்லயே எறங்குறீங்க?” என்று கேட்டேன்.

அவர் நல்ல மனுஷர். கூச்சப்பட்டுக்கொண்டே இருந்தார். அப்பா அவர் ஆட்டத்தைப் பெரியப்பாவிடம் புகழ்ந்துகொண்டே போனபோது குறுக்கிட்டு, “அப்படியெல்லாம் இல்லண்ணே. அந்த உத்தனப்பள்ளிப் பையன் குடுக்குறான், நான் அடிக்கிறேன். அவன் குடுக்கலன்னா நான் சும்மா ஒசரமா நிக்க வேண்டியதுதான்” என்றார். சித்தி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போது மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பெரியப்பா அதைக் கவனித்துத் திருப்தியாக மீசையைத் தடவினார்.

அவர்கள் போன பிறகு அப்பா கேட்டார், “என்ன தாயி, போன் போட்டுச் சரின்னு சொல்லிரட்டுமா?”

“வேணாம் அத்தான்” என்றாள் சித்தி.

அப்பாவுக்குக் காதில் விழுந்தது மனதில் விழ நேரம் பிடித்தது. “வேணாமா? ஏன் வேணாம்? நம்ம பக்கத்துப் பையன். பர்மனென்ட். பீடி கெடையாது, குடி கெடையாது, கோவம் கெடையாது...” எல்லாம் நான் சேகரித்துக் கொடுத்தவை. எனக்கும் லேசாக வலித்தது.

“நல்லவருதான் அத்தான்.”

“அப்ப என்ன கொற?”

“கொற ஒண்ணும் இல்ல.”

எந்த ஆட்டக்காரரிடமும் பத்துக் குறை கண்டுபிடிக்கக்கூடிய அப்பாவுக்கு, குறை சொல்லாமல் ஒருவரை வேண்டாம் என்பது பிடிபடவே இல்லை. கடைசியில் தன் துறைக்கே வந்துவிட்டார். “நீ அவன் ஆட்டத்த ஒழுங்கா ஒக்காந்து பாத்தியா, இல்லையா?”

இதற்குமேல் பயிற்சியாளன் சும்மா இருக்க முடியாது. பழி நாளை என்மேல் வரும்.

“அது எங்க பாத்துச்சுப்பா?” என்றேன். “நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். சித்திக்கு ஆட்டம் பாக்கவே தெரியாது. ஸ்மாஷரப் பாருன்னா பாக்காது. எப்பப் பாத்தாலும் லிஃப்டரையே பாத்துட்டு இருக்கும். பந்து அந்தப் பக்கம் இருந்தாலும் லிஃப்டரத்தான் பாக்கும். டைம் அவுட்ல தண்ணி குடிக்கப் போனாக்கூட அவரத்தான் பாக்கும். அப்பிடிப் பாத்தா ஆட்டம் எப்பிடிப் புரியும்?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வாதம் எடுபடுகிறது என்று தெரிந்ததும் ஊக்கம் வந்தது. “அந்த அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லப்பா. வாராவாரம் தக்காளி குடுத்தா மார்க் ஏறிடும்னு நெனச்சிட்டு இருக்காரு. தக்காளி வேற, ஆட்டம் வேறன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்.”

அம்மா பஜ்ஜித் தட்டோடு நின்றுவிட்டாள். அவள் கண் மெதுவாகச் சமையலறை மூலைக்குப் போனது. அங்கே கூடை நிறையத் தக்காளி. அப்பாவின் கண்ணும் அங்கே போனது. அடுத்து சித்தியைப் பார்த்தார்கள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. நானும் ஒரு மரியாதைக்குத் தக்காளியைப் பார்த்தேன். நன்றாகப் பழுத்திருந்தது.

“என்னங்க இது... பாஷ வேற, ஊரு வேற, இன்னும் என்னென்னவோ வேற” என்று அம்மா முணுமுணுத்தாள்.

“ஏலே, வெளிய போய் வெளாடுலே” என்றார் அப்பா.

‘ஏலே’ வந்துவிட்டது. ஆட்டம் பார்க்கத் தெரியாதது சித்திக்கு, கோபம் என்மேல். பெரியவர்களின் நீதி இப்படித்தான் இருக்கும் என்று வெளியே போனேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் ரசம் கொதிக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு அமைதி. அப்பா கோர்ட் பக்கமே வரவில்லை. சித்தி இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். அம்மா மார்க்கெட்டில் தக்காளி வாங்கி, ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துக் குறை சொன்னாள். லிஃப்டருக்கு ட்ரெய்னி காலம் முடிந்தது, மேலே ஏற்றவில்லை. கர்நாடக எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. தேறாது என்றேன், தேறவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கணிப்பு பலித்ததில் ஒரு சிறு திருப்தி இருந்ததை மறைப்பானேன்.

ஒருநாள் சாயங்காலம் மொபெட்டைத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார், “அந்த லிஃப்டர் பையன் எப்பிடி?”

“எந்த விதத்துலப்பா?”

“தோத்தா கோவம் வருமா?”

“வராது. சிரிப்பாரு.”

“பீடி?”

“கெடையாது.”

“யார்கூடயாவது போன்ல பேசுவானா?”

“அவங்கம்மாகூட. தெலுங்குல. நாம யாராச்சும் பக்கத்துல போனா தமிழ்ல பேசுவாரு, அவங்கம்மாவுக்குப் புரியாது, திட்டுவாங்க.”

அப்பா துணியைப் பிழிந்தார். அணியை விட்டே போய்விட்ட ஒருவரைப் பற்றி இவ்வளவு தாமதமாக விசாரிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு நிபுணன் இன்னொரு நிபுணரிடம் உண்மையை மறைக்கக் கூடாது. “ஆனா தேறாதுப்பா. ஒசரம் பத்தாது” என்றேன்.

அப்பா சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். “ஒசரம் கெடக்கு குரு” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். ஒரு பையில் பழமும் வெற்றிலையும். எங்கே என்று கேட்டேன்.

“உத்தனப்பள்ளில மேட்ச் இருக்கு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ஊரில் எப்போது டோர்னமென்ட் என்பது எனக்கு மனப்பாடம். உத்தனப்பள்ளியில் அந்த மாதம் திருவிழாவே கிடையாது. “இல்லவே இல்லப்பா, யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க” என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சரி, நானும் வருகிறேன் என்றேன். “நீ சித்திக்குத் தொணையா இரு” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மொபெட்டில் கிளம்பிவிட்டார்கள். வாலிபால் என்றால் என்னவென்றே தெரியாத அம்மா மேட்சுக்குப் போகிறாள், நான் வீட்டில்.

சித்தி அன்றைக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். மேட்சுக்குக் கூட்டிப்போகாத வருத்தம் அவளுக்கும் இருக்கும்தானே என்று, “விடு சித்தி, அங்க மேட்சே இல்ல” என்று ஆறுதல் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

பொழுது சாயும்போது மொபெட் வந்தது. முன்னால் அப்பாவின் காலிடுக்கில் ஒரு பெரிய கூடை, நிறையத் தக்காளி. அம்மாவின் மடியில் இன்னொரு பை, அதிலும் தக்காளி. நான் ஓடிப்போய், “யாருப்பா ஜெயிச்சா?” என்று கேட்டேன்.

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, எனக்குப் பின்னால் வாசல்படியில் நின்ற சித்தியைப் பார்த்தார்.

“இன்னும் முடியல. அந்தம்மா டிபன்ஸ் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு” என்றார். “இன்னும் ரெண்டு மூணு செட்டு போகும்போல. நாமளும் விடுறதா இல்ல.”

சித்தி கூடையை வாங்கிக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தக்காளியை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள். கழுவியதையே எடுத்து மறுபடியும் கழுவினாள். அம்மா அவள் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொல்ல, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குக் கவலையாக இருந்தது. நடக்காத மேட்சுக்குப் போய், பெண்கள் டீமா ஆண்கள் டீமா என்றுகூடத் தெரியாமல் பார்த்து, முடிவதற்கு முன்பே கிளம்பிவந்து, தக்காளி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். “ஸ்கோராவது என்னப்பா?” என்று கேட்டேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. இனிமேல் பி டீமை நான் ஒருவனாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.